தரையைக் கழுவ வேண்டாம் என்ற ஆய்வாளருக்கு

நீரின் நலம் காத்த நேர்மையாளரே! கேட்டுக் கேட்டே எங்கள் கண் திறந்த கனிவாளரே! மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகப் பணியிலிருந்து இன்று ஓய்வு பெறும் ஆய்வாளர் ஐயா அவர்களே! சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் வேலை பார்க்கும் நாங்கள் வணங்கி வாசிக்கும் மடல் இது.

புதிய நீர் விதி வந்த ஆண்டில் எங்கள் பட்டறை பூட்டு விழும் நிலையில் நின்றது. நாங்கள் சோதிக்கும்போதெல்லாம் தெளிவாக இருந்த நீர், அலுவலகம் மாதிரி எடுக்கும் நாளில் மட்டும் கெட்டு நின்றது. பட்டறை பொய் சொல்கிறது என்றது அலுவலகம். மாதிரிக் குப்பியில் அலுவலகத்தார்தான் ஏதோ கலக்கிறார்கள் என்றார் முதலாளி. இருவரும் முறைத்துக்கொள்ள, நடுவில் எங்கள் அடுப்பு அணையப் பார்த்தது. இன்னொரு முறை தவறினால் மூடல் ஆணை என்று முடிவாகிவிட்டது.

அந்த முறை வந்த தாங்கள் குப்பியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். நுரையைக் குச்சியால் கிளறினீர்கள். குனிந்து தரையை மோந்து பார்த்தீர்கள். இவர் எதைத் தொலைத்தார் என்று மேலாளர் எங்கள் காதைக் கடித்தார். பிறகு தொட்டிக்காரரிடம் கேட்டீர்கள்.

"ஏங்க, இந்தத் தரை எப்பவுமே இப்படித்தான் பளபளன்னு இருக்குமா?"

"நீங்க வர்றீங்கன்னு தகவல் வந்தா மட்டுந்தான் சார். பிளீச்சிங் பவுடரக் கொட்டித் தேச்சுக் கழுவிருவோம்."

"கழுவுன தண்ணி எங்க போகுது?"

தொட்டிக்காரர் தொட்டியைப் பார்த்தார். மேலாளரும் பார்த்தார். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களே அங்கே உண்மையான உழைப்பாளிகள். தங்களுக்கு நாங்கள் செய்த பிளீச்சிங் மரியாதை தொட்டிக்குள் வடிந்து அவற்றைக் கூண்டோடு கொன்றிருந்தது.

"அப்ப நான் வர்றதுதான் மாசுங்கிறீங்க" என்று தாங்கள் சிரித்தபோதுதான் அரசும் ஆலையும் முதன்முறையாகச் சேர்ந்து சிரித்தன.

விதியை ஒரு புள்ளிகூடத் தாங்கள் தளர்த்தவில்லை. தொட்டி தேறும்வரை அவகாசம் வாங்கித் தந்தீர்கள். கழுவும் நீருக்குத் தனிக்குழி வெட்ட முதலாளியை இணங்க வைத்தீர்கள். இரு தரப்பும் அருகருகே நின்று மாதிரி எடுக்கும் வழக்கத்தை உண்டாக்கினீர்கள். அடுத்த மாதிரி தேறியது. எங்கள் சோறும் தப்பியது.

இனி வீட்டில் அம்மையார் எந்தக் குழாயைத் திறந்தாலும், அது எங்கே போகிறது என்று பின்னாலேயே போவீர்கள். அவர்கள் பொறுத்தருள்க! அந்தக் கேள்வியும் குன்றாத உடல்நலமும் தங்களோடு நெடுங்காலம் வாழ்க!

தங்கள் விழாவுக்காகக் கூடத்தைப் பெருக்கினோம், நாற்காலிகளைத் துடைத்தோம். தொட்டிப் பக்கம் மட்டும் ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றவில்லை. புறப்படும் முன் அந்த அழுக்குத் தரையை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள், ஐயா. எங்கள் மரியாதை அங்கேதான் இருக்கிறது.

இங்ஙனம்,
கழிவுநீர்த் தொட்டிப் பிரிவுத் தொழிலாளர்கள்