புகையில் தெரிந்த கை

வெள்ளிக்கிழமை காலை. ஓடுகிறோம். மருத்துவமனைப் படிக்கட்டு முழுக்கப் புகை. முதலில் பாய்ந்து வரும் குண்டின் ஊளை. பிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு தரை அதிர்கிறது. காதுக்குள் ரீங்காரம்.

"படுங்க! எல்லாரும் படுங்க!"

கத்தியவர் என் கணவர் ஜெபசிங். எக்ஸ்ரே பிரிவில் வேலை. நான் எஸ்தர். பிரசவ வார்டில் நர்ஸ். கொல்கத்தாவிலிருந்து சூடானுக்கு வேலைக்குப் போனவர்கள் நாங்கள். ஊரைவிட்டு எங்களை வெளியேற்ற வாசலில் வேன் நின்றது. அவர் என்னைத் தூக்கி உள்ளே தள்ளினார். திரும்பிப் பார்த்தார். புகைக்குள் திரும்பி ஓடினார்.

"வேண்டாம்! வாங்க!"

அடுத்த ஊளை வந்துவிட்டது.

புகையிலிருந்து அவர் வரவில்லை. ரூபாலி வந்தாள். எங்களோடு வேலை பார்த்த நர்ஸ். ஹவுராக்காரி. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். உள்ளே கை காட்டுகிறாள். டிரைவர் உஸ்மானும் நானும் போய் அவரை இழுத்து வந்தோம். வலது கால் முழங்காலுக்கு மேலிருந்தே இல்லை. என் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினேன்.

இப்போது கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில் இருக்கிறோம். இரண்டாம் மாடி. லோக்கல் ரயில் போனால் ஜன்னல் அதிரும். நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். "ரயில்தான் எஸ்தர்" என்பார்.

ஞாயிறுதோறும் நாங்கள் ஆராதனை முடிந்து வந்ததும் ரூபாலி வருவாள். ஹவுராவிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்து வருவாள். கையில் மீன் பை. அவரை 'தாதா' என்பாள். என்னை 'பௌதி'. அண்ணன், அண்ணி. அவருடைய காலின் வெட்டுப்பட்ட நுனியைத் துடைத்துக் கட்டு மாற்றுவாள். அவர் முகம் மலரும். வாரம் முழுக்கத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் நான். எனக்கு அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை.

படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். டக், டக். இரண்டு கால்களின் சத்தம். எனக்கு வயிறு எரியும்.

அவருடைய சாப்பாட்டு ஜெபத்திலும் அவள் வந்தாள். "எஸ்தரையும் ரூபாலியையும் காத்தருளும் ஆண்டவரே." ஒரே மூச்சில் இரண்டு பெயரும்.

ஒரு ஞாயிறு அவளை வாசலிலேயே நிறுத்தினேன்.

"இனிமே வராத ரூபாலி."

மீன் பையைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. அடுத்த ஞாயிறு நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அதற்கடுத்த ஞாயிறும். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவளுக்காக ஏன் திரும்பி ஓடினீங்க?"

"அவதான்னு எனக்குத் தெரியாது. புகையில ஒரு கை தெரிஞ்சுது. ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியல."

"என்னைய விட்டுட்டு, ஒரு கைக்காகவா?"

"பாத்துட்டு எப்படி வர முடியும்? நம்மள ஆண்டவர் அப்படி விட்டுட்டா போனாரு?"

"நான் கத்தினேனே."

"கேட்டுச்சு. உன்னைய ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் ஓடினேன்."

ரூபாலி மேல் இருந்த பொறாமை கர்த்தர் மேல் திரும்பியது. என் புருஷன் என்னைவிட அதிகமாக நம்புவது அவரைத்தான். அவரோடு நான் எப்படிப் போட்டி போடுவேன்?

"அவளைக் கூப்பிடச் சொல்றீங்களா?"

"சொல்லமாட்டேன். நீயா போனா போ. நான் காத்துக்கிட்டு இருக்கறது அவளுக்காக இல்ல. உனக்காக."

ஹவுராவுக்குப் போனேன். சமாதானம் பேச அல்ல. அவள் நன்றாக வாழ்ந்தால் வெறுக்க வசதியாக இருக்கும். அதைப் பார்க்கத்தான்.

பட்டறைகளுக்கு நடுவே ஒற்றை அறை. கதவைத் திறந்தாள். நான் பேசியது அவளுக்கு எட்டவில்லை. தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். இடது காது அன்றைக்கே போய்விட்டதாம். இத்தனை ஞாயிறு வந்திருக்கிறாள், நான் கவனித்ததில்லை. வேலையையும் விட்டிருந்தாள். வார்டில் டிரே விழுந்தால் மயங்கி விழுகிறாளாம்.

"தாதாவோட காயம் ஆறிடுச்சா பௌதி?"

பக்கத்துப் பட்டறையில் இரும்புத் தகடு விழுந்தது. ஊளை இல்லை. நேரே இடி.

"படு! படு!" கத்தியது நான்.

கண் திறக்கிறேன். தரையில் கிடக்கிறோம். அவள் கீழே. நான் மேலே. அவள் தலையை என் இரண்டு கைகளும் மூடியிருக்கின்றன. யோசித்துச் செய்யவில்லை. அவள் நெஞ்சு அடிப்பது என் நெஞ்சில் தெரிகிறது. வெளியே யாரோ சிரித்தார்கள். எழுந்திருக்க எங்களுக்கு வெகுநேரமாயிற்று.

"ஞாயித்துக்கிழமை வா" என்றேன். அழுதாள்.

வருகிறாள். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆனால் கதவைத் திறப்பது நான்தான்.

அந்தக் காலையில் போனவை: ஒரு கால். ஒரு காது. ஒரு பிரசவ வார்டு.

உயிர் போனவர்கள் நால்வர். எங்களை இறக்கிவிட்டு, மிச்சமிருந்தவர்களை ஏற்றத் திரும்பிப் போன உஸ்மான். மயக்க மருந்து டாக்டர் ஹாலா. நடக்க முடியாததால் வார்டிலேயே தங்கிய தாய் அமீனா. அன்று விடியற்காலை அவளுக்குப் பிறந்த பெண் குழந்தை. துணியில் சுற்றிக் கொடுத்தவள் நான். அவளுக்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை. ஆனாலும் அவளையும் எண்ணுகிறேன்.