வடக்கே பார்த்த சோலார் பேனல்

அத்திவரதர் குளத்தை விட்டு எழுந்த வருஷம் அது. மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மறைந்தவரோடு மின்கம்பம் ஏறிய நண்பர்களே, செவிலிமேட்டு மக்களே! அந்த வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. ஊர் கொள்ளாத கூட்டம். முன்னறையைத் தரிசனத்துக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நாம் சமையல்கட்டில் படுத்தோம். நாற்பத்தெட்டு நாளும் கையில் காசு புரண்டது.

அந்தக் காசை வைத்துக்கொண்டு ஒரே ஒரு மனிதர்தான் மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தார். அவர்தான் நாம் முந்தாநாள் மண்ணில் இறக்கிய லைன்மேன் அந்தோணி அவர்கள்!

"ஃப்ரிட்ஜ் வாங்கி கரண்ட் பில்ல ஏத்திக்காதீங்கபா," என்றார். "சோலாரு தனியா ஒரு வீட்டுக்குக் கட்டுப்படியாவாது. அஞ்சு வீடு சேந்து காசு போடுங்க. மொத வீட்டுல போடுவோம். அங்க பில்லுல மிச்சமாவறதோட ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அடுத்த வீடு. அப்படியே அஞ்சும்." நம்மைப் போன்ற வீடுகளுக்கு இப்படி ஒரு வழியை வேறு யார் சொன்னார்கள்?

குலுக்கிப் போட்டதில் முதல் சீட்டு எனக்கு. மானியத்துக்கு மனு எழுதியது அவர். கைநாட்டு வைத்ததுதான் என் வேலை. ஐப்பசியில் பேனலைத் தெற்கே பார்த்து நிறுத்திக் கொடுத்தார்.

நான் கொத்தனார். நாற்பது வருஷத்தில் ஒரு வீட்டுக்கும் தெற்கு வாசல் வைக்காதவன். தெற்கு எமன் திசை. வடக்கு குபேரன் திசை. காசை மிச்சம் பண்ணுகிற சாமான் குபேரனை அல்லவா பார்க்க வேண்டும் என்று அவரிடமே கேட்டேன்.

"அண்ணே, வெயிலு நமக்குத் தெற்கேதான் சாஞ்சி வருது. அதுக்கு எமன் தெரியுமா, குபேரன் தெரியுமா?" என்றார்.

"உங்க சாமிக்குத் திசை கெடையாதுபா. எங்க சாமிக்கு இருக்குது," என்றேன். அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கும்.

அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம், நானே ஏணி வைத்து ஏறி பேனலை வடக்கே திருப்பி நட்டேன். மழைத்தண்ணீர் நிற்கக்கூடாதென்று, கொத்தனார் புத்தி, சரிவையும் கூட்டினேன்.

தை பிறந்து பில் வந்தது. பெரிதாக ஒன்றும் குறையவில்லை. மற்ற நாலு வீட்டாரும் கேட்டார்கள். "ஒண்ணும் புண்ணியமில்ல" என்றேன். திருப்பியதைச் சொன்னேனா? சொல்லவில்லை! இட்லி சுட்டு விற்கிற ஒரு அம்மாள், அடுத்த முறை அவருடையது, அந்தோணி வாசலில் நின்று, "எங்க காச மொட்டமாடில காயப்போட்டுட்டியேடா பாவி!" என்று கத்தினார். திட்டம் அன்றோடு படுத்தது.

அந்தோணி அவர்கள் என் மாடி ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து, "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேண்ணே. நீயே திருப்பிடு," என்றார். வாயைத் திறந்திருந்தால் அவர் பெயர் மீண்டிருக்கும். திறந்தாரா? கடைசிவரை திறக்கவில்லையே!

அதற்குப் பிறகு இந்தத் தெருவில் ஒரு பல்பு மாட்டக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரோ டீக்கடையில், டவுன் பஸ்ஸில், என் காதோரம் குனிந்து ஒரே கேள்விதான் கேட்பார்: "திருப்பிட்டியாண்ணே?"

"நாளைக்கு," என்பேன்.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு கேட்டார். அப்போதும் நாளைக்கு என்றேன். பாழாய்ப்போன வறட்டு கௌரவம்!

நாளை விடிந்ததும் ஏணி வைக்கப் போகிறேன். உங்களில் இரண்டு பேர் வந்து பிடித்துக்கொள்ளுங்கள். பேனல் தெற்கே பார்க்கும். பில்லில் மிச்சமாகும் காசு, அவர் போட்ட வரிசைப்படி, அடுத்த வீட்டுக்குப் போகும். சேர்ந்த ஐந்து பேரில் இரண்டு பேரைக் கொரோனா கொண்டுபோனது. ஒருவர் போன மழைக்காலத்தில் போனார். என்னை விட்டால் உயிரோடிருப்பது ஒருவர்தான். என் சொல்லை நம்பி ஒரு நல்ல மனிதரைப் பாவி என்றவர். இந்த உண்மையை நான் முதலில் அவரிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். இதோ, முன்வரிசையில், முந்தானையால் விசிறிக்கொண்டிருந்து இப்போது விசிறுவதை நிறுத்திவிட்ட கங்கையம்மாள்.