மைலோவுக்குப் பழகிய வாசம்

இந்த அறையில் ஏர்கான் கொஞ்சம் அதிகம் சார், ஆனால் பரவாயில்லை. சத்தமே இல்லாத இடத்தில் உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது.

எனக்கு மைலோவை விற்றவர் பிடிபட்டு, அவர் போனில் என் பெயர் இருந்ததாகச் சொல்கிறீர்கள். இனி மறைத்து என்ன பயன். சொல்லிவிடுகிறேன்.

சுகர் கிளைடர், அதுதான் அந்தப் பறக்கும் அணில் மாதிரிக் குட்டிப் பிராணி, அதை வளர்ப்பவர்கள் முதலில் தொலைப்பது தூக்கத்தைத்தான். வீடியோவில் பார்த்தால், யாரோ ஒருவருடைய சட்டைப் பையிலிருந்து உருண்டைக் கண்ணோடு எட்டிப் பார்க்கும். கையை நீட்டினால் காற்றில் மிதந்து வந்து தோளில் ஒட்டிக்கொள்ளும். அதில் மயங்கித்தான் ஜாலான் புசாரில் மைலோவை ரகசியமாக வாங்கினேன். சிங்கப்பூரில் வளர்க்கக் கூடாது என்பது தெரியும். மற்றதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. பகல் முழுக்கத் தூங்கும். இரவெல்லாம் நாய்க்குட்டி மாதிரி குரைக்கும். தோளில் உட்கார்ந்தபடியே ஒன்றுக்குப் போகும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் பின்னங்கால் இழுத்துக்கொள்ளும். தனிமையில் ஏங்கினால் தன் வாலையே கடித்துக் குதறும். மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, போனால் மாட்டிக்கொள்வோம்.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஹால் பூரா நாறுது லா, தாரணி. இந்த வீட்ல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார்.

எங்கள் தெம்பனிஸ் வீட்டில் ஓர் அறையை யாமினி அக்காவுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். கும்பகோணத்துக்காரர், ஒரு லேபில் வேலை, ஊரிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அவர் சம்பளத்தில்தான் அங்கே அவருடைய அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்தது. இந்த ஊரில் மைலோவை வளர்க்க அனுமதி உண்டா என்று ஒருமுறை கேட்டார். பெர்மிட் இருக்கிறது என்றேன். இந்த ஊரில் எதற்கும் ஒரு பெர்மிட் இருக்கும் என்று நினைப்பவர், நம்பிவிட்டார்.

பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு ஹனீபா அங்கிள் லிஃப்டில் கேட்டார், நாய் வளர்க்கிறாயா என்று. சிரித்துச் சமாளித்தேன். அதே வாரம்தான் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் விலங்கு மருத்துவம் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. என் பெயரில் ஒரு வழக்கு வந்தால் விசா கிடைக்காது. நான் டாக்டரானால் எத்தனை பிராணிகளைக் காப்பாற்றலாம் என்று யோசித்துப் பாருங்கள். நானும் அதைத்தான் யோசித்தேன்.

சுகர் கிளைடருக்கு முகம் முக்கியமில்லை சார், வாசம்தான். ஒரு துணியை உடம்போடு வைத்துத் தூங்கிவிட்டு, அதைக் கூண்டில் போட வேண்டும். அந்த வாசத்தில் சுருண்டு படுத்துப் படுத்து அது நம்மைத் தன் ஆளாக ஏற்றுக்கொள்ளும். வளர்க்கிற எல்லாரும் செய்வதுதான். நான் துணியை மட்டும் மாற்றினேன்.

அம்மாவுக்கு மூச்சிரைக்கிறது என்று சொல்லிக் கூண்டை யாமினி அக்காவின் அறைக்கு மாற்றினேன். அவர் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட் ஒன்றைத் துவைக்காமல் கேட்டு வாங்கினேன். வாரம் ஒன்று கொடுத்தார். மைலோவைத் தொடுவதை நான் நிறுத்திக்கொண்டேன். அவர் தேக்கா மார்க்கெட்டில் பப்பாளி வாங்கி வந்து கையால் ஊட்டினார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மைலோ என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருந்தான்.

"என்னடி இது, என் சட்டைக்குள்ளயே குடித்தனம் பண்றான்? உன் புள்ள உன்னை டிவோர்ஸ் பண்ணிட்டான் போல" என்று யாமினி அக்கா சிரித்தார். அன்றைக்குத்தான் வேலை முடிந்தது என்று தெரிந்துகொண்டேன்.

புகார் கொடுத்தது ஹனீபா அங்கிள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அவர் பாவம். போன் செய்தது நான்தான். அவராகப் புகார் கொடுக்கும்வரை காத்திருந்தால், அதற்குள் யாமினி அக்கா வேறு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

உங்கள் ஆட்கள் வந்து இது யாருடையது என்று கேட்டார்கள். கூண்டைத் திறந்ததும் மைலோ நேராகப் பாய்ந்து யாமினி அக்காவின் சட்டைக் காலருக்குள் நுழைந்துகொண்டான். அக்கா கொஞ்சமும் பதறவில்லை.

"தாரணி, அந்தப் பெர்மிட்டை எடுத்துட்டு வாம்மா."

"என்ன பெர்மிட்க்கா?" என்றேன்.

அபராதம் கட்டினார். வேலை அனுமதி ரத்தானது. ஊருக்குப் போன பிறகு அவருடைய அப்பா தவறிவிட்டார் என்பதை இன்றைக்கு நீங்கள் சொல்லித்தான் கேள்விப்படுகிறேன். அவருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லைதானே.

வழியனுப்ப சாங்கி விமான நிலையம் வரைக்கும் போனேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும் முன் யாமினி அக்கா என் கையைப் பிடித்தார். "பயத்துல அப்படிச் சொல்லிட்ட, இல்ல? சின்னப் பொண்ணு நீ. விடு" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன் என்று அப்போது சொல்லியிருந்தால் அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும். யார் மனசையும் நோகடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, சார்.