தேசிக்காய் எண்ணெய்

– கத்தாமல் கதையுங்கோ அன்ரி. கடைக்கு ஆக்கள் வாற நேரம்.

– வரட்டும், லோஜன் தம்பி. வாற சனமும் கேக்கட்டும். நெல்லியடிச் சந்தையடியிலை கடையைத் திறந்து வைச்சு, ‘இயற்கை வாசனைச் சென்ற்’ எண்டு பெருசா எழுதித் தொங்க விட்டிருக்கிறீர். அந்தச் சென்றை வாங்கின பாவத்துக்கு என்ரை பிள்ளையின்ரை மணிக்கட்டு வெந்துபோய்க் கிடக்குது.

– கீர்த்திகா, என்ன நடந்தது?

– அவளிட்டைக் கேக்காதையும், என்னோடை கதையும். பேர் மட்டும் வடிவா ஞாபகம் இருக்கு உமக்கு. போன திங்கட்கிழமை பின்னேரம் சிவந்தது. அடுத்த நாள் கொப்புளம். இப்ப கறுத்துப்போய்க் கிடக்குது. நல்லெண்ணெய் பூசினன், மஞ்சள் பூசினன், ஒண்டுக்கும் மாறேல்லை.

– டொக்டரிட்டைக் காட்டினியளோ?

– காட்டாமல் விடுவனோ? ஏதோ பட்டு வெயிலிலை சுட்டிருக்கு, நிறம் மாற மாசக்கணக்காகும் எண்டார். என்ன பட்டது? உம்மடை சென்ற்தான். வேறை என்ன? மற்றக் கடைச் சென்ற் மணந்தால் எனக்குத் தலையிடி, அவளுக்கு இழுப்பு. அதாலைதானே உம்மட்டை வந்தனான். மூடியைத் திறந்து மணக்கத் தந்தீர். மல்லிகை அப்பதான் கொடியிலை இருந்து ஆய்ஞ்ச மாதிரி, அடியிலை வெட்டிவேர், மேலாலை தேசிக்காய்ப் புளிப்பு. அந்த மணத்திலை மயங்கிப்போனன். கோயிலுக்குப் பூசிக்கொண்டு போனால் பூசை முடிய முதல் மணம் போயிட்டுது.

– அது ஒரு மணித்தியாலம்தான் நிக்கும் எண்டு அண்டைக்கே சொன்னனான். பூவின்ரை மணம் அவ்வளவுதான். பிடிச்சு வைக்கிற மருந்து நான் கலக்கிறேல்லை. நீங்களும் பூசினனீங்கள்தானே, உங்களுக்கு ஒண்டும் வரேல்லையே?

– நான் பொழுதுபடப் பூசினனான். இயற்கை எண்டால் ஒண்டும் செய்யாது எண்டுதானே நீர் சொன்னது?

– அப்பிடி என்ரை வாயாலை வரேல்லை. பட்டால் கடிக்கிற காஞ்சோண்டியும் இயற்கைதான். திண்டால் சாகிற அலரி விதையும் இயற்கைதான். தேசிக்காய்த் தோலைப் பிழிஞ்ச எண்ணெய் மேலிலை இருக்கேக்கை வெயில் பட்டால் சுடும். லேபிளிலை எழுதி ஒட்டியிருக்கிறன், வாயாலையும் சொன்னனான். பூசிப்போட்டு வெயிலுக்குள்ளை திரியாதேங்கோ எண்டு.

– யாழ்ப்பாணத்திலை இருந்துகொண்டு வெயிலுக்குள்ளை திரியாதை எண்டால்? சென்றைப் பூசிப்போட்டுக் கட்டிலுக்குக் கீழை படுக்கிறதோ?

– அதுக்கு நான் என்ன செய்ய? எண்ணெயின்ரை குணம் அது. கீர்த்திகா வெயிலுக்குள்ளை போயிருக்க வேணும்.

– போகேல்லை. கை சிவந்ததுக்கு முதல்நாள் ஞாயிறு, நான் கூறைச்சீலை எடுக்க யாழ்ப்பாண ரவுணுக்குப் போனனான். தலையிடி எண்டு இவள் வீட்டிலை படுத்திருந்தவள்.

– கூறைச்சீலையோ? ஆருக்கு?

– ஆருக்கு எடுப்பன்? என்ரை பிள்ளைக்குத்தான். வாற வெள்ளிக்கிழமை தாலிக்குப் பொன்னுருக்கு. மாப்பிள்ளை சுவிசிலையிருந்து வந்து நிக்கிறார்.

– எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே.

– உமக்கேன் சொல்ல வேணும்? நீர் ஆர்?

– இல்லை அன்ரி. கலியாணப் பொம்பிளைக்கு எண்டு சொல்லியிருந்தால் தேசிக்காய் போடாத சென்றைத் தந்திருப்பன்.

– இப்ப சொல்லி என்ன? நேற்று மாப்பிள்ளையின்ரை தாய் வீட்டை வந்தவ. இவளின்ரை கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு, ‘உது என்ன வருத்தம், எங்களுக்கு மறைச்சுக் கட்டித் தரப் பாக்கிறியளோ’ எண்டு சபையிலை வைச்சுக் கேட்டா. சென்ற் சுட்டதெண்டு சொன்னன், நம்பேல்லை. அதாலை நீர் ஒரு கடிதம் தர வேணும். ‘என்ரை சென்றாலைதான் சுட்டது’ எண்டு எழுதி, கையெழுத்து வைச்சு, கடைச் சீலும் குத்தித் தாரும்.

– அது ஏலாது அன்ரி. அந்தக் கடிதத்தை அவ ஊரெல்லாம் காட்டுவா. பேந்து நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான். மூண்டு வருசமாத் தனிச்சு நிண்டு தோல் பிழிஞ்சு, வேர் அவிச்சு, அரைவாசியைப் பழுதாக்கிக் கொட்டித்தான் இந்தளவுக்கு வந்தனான். வீட்டுக்குள்ளை படுத்திருந்த ஆளை வெயில் என்னண்டு சுடும்? செய்யாத பிழைக்கு நான் எழுத மாட்டன்.

– அப்ப நான் பொய் சொல்லுறன், என்ன? பிள்ளை, கையிலை சுத்தியிருக்கிற அந்தத் துவாயை எடுத்துப்போட்டுக் கையை நீட்டு.

– வேண்டாம் அம்மா. வீட்டை போவம்.

– நீட்டு எண்டுறன். பாரும் தம்பி, கிட்ட வந்து பாரும். மேற்பக்கம் நாலு கோடு, கீழாலை பெருசா ஒரு பொட்டு. இந்தக் கையைத் தாலி கட்டுற சபையிலை காட்டேலுமோ? என்ன, முகத்தைத் திருப்புறீர்? இவ்வளவு நேரமும் சட்டம் கதைச்சனீர்.

– மூடச் சொல்லுங்கோ அன்ரி.

– ஏன், பாக்கக் கஷ்டமா இருக்கோ?

– ஓம். என்ரை பிழைதான். அந்தக் கொப்பியை இஞ்சாலை தாங்கோ, எழுதித் தாறன்.

– இப்பதானே மாட்டன் எண்டனீர்?

– இப்ப எழுதுறன். என்ரை சரக்குத்தான் சுட்டது, பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை எண்டு எழுதுறன். சீலும் குத்தித் தாறன். கடை போனால் போகட்டும். அந்த மனுசி இனி ஒரு கதை கதைக்கக் கூடாது.

– அப்பிடி வாரும். திகதியையும் போடும்.

– எழுதாதேங்கோ.

– நீ சும்மா இரு, பிள்ளை. அவர் எழுதட்டும்.

– எழுத வேண்டாம் எண்டுறன். அம்மா, அந்தப் போத்திலை நான் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன கையோடை நானும் பஸ் ஏறிப் பருத்தித்துறைக்குப் போனனான், கலியாணம் முற்றாகின கதையை இவருக்குச் சொல்ல. சொல்ல வாய் வரேல்லை. விடியப்புறம் எழும்பித் தேசிக்காய் பிழிஞ்சுபோட்டு வந்தவர், மத்தியானம் வரைக்கும் கடற்கரை வெயிலிலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். வடிவாப் பாருங்கோ அம்மா, இது இவரின்ரை விரல்.