முன்னாடி ஒரே ஒரு சீட்டு

ஹலோ... பாப்பா? ஆமா, ஆமா, அக்காதான்... இல்லடி, இன்னும் ஏறல. போர்டிங் கேட்டுக்கு முன்னாடி நிக்கிறோம். அம்மாவும் கூடத்தான் இருக்காங்க... ஆமா, விமானம் வந்து நிக்குது. கண்ணாடி வழியா தெரியுது. அதுல எங்களுக்கு சீட்டுதான் இன்னும் கிடைக்கல...

கத்தாத. மூணு மணிக்கு உன் நெஞ்சைத் திறந்து வால்வு மாத்தப் போறாங்க, இப்ப போய் இப்படிக் கத்துனா... சரி, சரி, நான் கத்தல. நீயும் கத்தாத.

தெரியும்டி. இது ஒன்றரைக்கு இறங்கும். டாக்ஸி புடிச்சா ரெண்டேகாலுக்கு உன் முன்னாடி நிப்போம். இதை விட்டா அடுத்தது நாலு மணிக்குத்தான் கிளம்பும்... தெரியும்னு சொல்றேன்ல!

என்ன? ஆமா, இருபத்திநாலு வருஷமா இதே கம்பெனி விமானத்துல ட்ரே தூக்குறேன். அதுக்காக எனக்குன்னு ஒரு சீட்டை ஒதுக்கியா வச்சிருக்காங்க?... அடியே, பெரிய சீட்டுல காலை நீட்டிட்டுப் போன போட்டோ எல்லாம் காலியா இருந்த அன்னைக்கு எடுத்தது. இடம் இல்லாம வாசல்லயே நின்னுட்டு வீட்டுக்குத் திரும்பினதை யாரு போட்டோ எடுக்குறா?

எடுத்திருக்கலாம்டி. காசு குடுத்தே டிக்கெட் எடுத்திருக்கலாம். நேத்து பாத்தப்ப ஒம்போது சீட்டு காலி. எப்பவும் போல, சீட்டு மிச்சமானா மட்டும் ஏத்துற ஸ்டாஃப் பட்டியல்ல ரெண்டு பேரையும் போட்டுட்டேன். காலையில போக வேண்டியது ரிப்பேருன்னு நிறுத்திட்டாங்க, அந்தக் கூட்டம் பூரா இங்க வந்துடுச்சு... என் தப்புதான். ஒத்துக்கிறேன். போதுமா?

இரு, ஸ்க்ரீன் மாறுது... மூணு சீட்டு மிச்சம். மூணு! அம்மா, எழுந்துக்கோ, பையை எடு... உன்கிட்ட இல்லடி, அம்மாகிட்ட. எங்களுக்கு முன்னாடி யாரும் இல்ல. ஸ்டாஃப்ல யாரு முதல்ல வேலைக்குச் சேர்ந்தாங்களோ அவங்க முதல்ல, இன்னைக்கு இங்க நான்தான் பெரியவ...

ம்ஹூம்... போச்சு. ரெண்டு பைலட் ஓடி வராங்க. யூனிஃபார்ம்ல... போச்சுடி. ரெண்டு சீட்டு அவங்களுக்கு... சண்டை எல்லாம் போட முடியாது. அவங்க டியூட்டிக்குப் போறாங்க, அங்க இறங்கி வேற விமானத்தை ஓட்டணும். நான் லீவுல போறவ. நானும் இப்படி எத்தனை பேரு சீட்டுல போய் உக்காந்திருக்கேன் தெரியுமா? வாசல்ல நிக்கிறவங்க எதுக்குப் போறாங்கன்னு ஒரு நாள் கேட்டதில்ல...

இன்னும் ஒண்ணு இருக்கு. முன்னாடி, பெரிய சீட்டு. ஆனா அதை முதல்ல கார்டு வச்சிருக்கவங்களுக்குத்தான் கேப்பாங்க. வாராவாரம் பறக்குறவங்க. பின்னாடி டிக்கெட்டு வாங்கியிருந்தாலும் தூக்கி முன்னாடி போடுவாங்க... இரு, உள்ள ஒருத்தர்கிட்ட கேக்கப் போயிருக்காங்க... அவர் வந்துட்டா அவரோட பழைய சீட்டு எங்களுக்கு... எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்டி. ஒண்ணே ஒண்ணு.

வர மாட்டேன்னுட்டாராம்! பொண்டாட்டியை விட்டுட்டு முன்னாடி வரமாட்டாராம். மகராசன், நல்லா இருக்கட்டும்... கூப்பிடுறாங்க, எங்களைத்தான் கூப்பிடுறாங்க! லைன்லயே இரு.

சொல்லும்மா... ஆமா, ரெண்டு பேரும் ஒரே பட்டியல்தான்... யாராவது ஒருத்தரா? ஒரு நிமிஷம் குடும்மா. ஒரே நிமிஷம்.

பாப்பா, கேளு. நான் வரேன். அம்மாவை இங்கயே உக்கார வச்சுட்டு, நாலு மணிக்கு அனுப்பச் சொல்லிடுறேன். டாக்டர்கிட்ட நான் பேசுனாத்தான் சரி வரும், மாப்பிள்ளைக்கு ஒரு ஃபாரம் ஒழுங்கா நிரப்பத் தெரியாது... என்ன?

என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு...

நீதானடி நேத்து வரைக்கும் அம்மா வேணாம்னே? அவங்க அழுவாங்க, நானும் அழுதுடுவேன்னு சொன்னே?... ம்... ம்... அழணும் போல இருக்கா?... சரிடி. சரி கண்ணு. இல்ல, நான் ஒண்ணும் நினைக்கல. என் குரல் எப்பவும் இப்படித்தான். வை, இல்ல இல்ல, வைக்காத.

அம்மா போறாங்கம்மா, நான் இல்ல. இந்தா, அவங்க அடையாள அட்டை... என்ன? கால்லயா?... ஐயோ.

ரப்பர் செருப்பு, பாப்பா. அம்மா ரப்பர் செருப்போட வந்திருக்காங்க. ஸ்டாஃப் குடும்பம் முன்னாடி உக்காரணும்னா ஷூ போட்டிருக்கணும்... கேவலமான சட்டம்தான், நானே அதைச் சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கேன்! இத்தனை வருஷம் ஊரான் காலை எல்லாம் பாத்தேன், பெத்தவ காலைப் பாக்கல.

அம்மா, காலைக் குடு. குடும்மா, எதுக்குன்னு அப்புறம் கேளு... கதவு சாத்த ரெண்டு நிமிஷம்தானே இருக்கு, தெரியும்மா, நானும் கதவு சாத்துறவதான்... என் ஷூ உனக்குப் பெருசா இருக்கு. டிஷ்யூ இருக்கா? முன்னாடி அடைச்சு விடு... எழுந்து நில்லு. நட. இன்னும் ரெண்டு அடி. நடக்குறாங்க, பாப்பா! வாத்து மாதிரி நடக்குறாங்க, ஆனா நடக்குறாங்க!

போம்மா. போய்ட்டு வா. அவகிட்ட... ஒண்ணும் சொல்லாத, பக்கத்துல உக்காரு, போதும். திரும்பிப் பாக்காம போ.

...

உள்ள போயிட்டாங்க. ஆமா. கதவு சாத்தியாச்சு. மாப்பிள்ளையை ஏர்போர்ட் வாசல்லயே நிக்கச் சொல்லு. அம்மா வந்ததும் முதல்ல அந்த ஷூவைக் கழட்டச் சொல்லு, குதிகாலைக் கடிக்கும்...

நானா? அம்மா செருப்புல நிக்கிறேன். பாதிக் கால் தரையில... சிரிக்காதடி. சரி, சிரி. நல்லா சிரி.

நாலு மணி பட்டியல்ல எனக்கு முன்னாடி ஆறு பேரு, எல்லாரும் என்னை விடப் பழைய ஆளுங்க. பாப்போம். கடைசி வரிசை, கக்கூஸ் பக்கத்துல குடுத்தாக்கூடப் போதும். முன்னாடி குடுத்தா இந்தக் காலோட ஏத்த மாட்டாங்க... ம். நீ கண்ணு முழிக்கிறதுக்குள்ள வந்துடுவேன். முழிச்சுட்டு என்னைத் தேடு. அம்மாவைப் பாத்துட்டு நிறுத்திடாத, என்னையும் தேடு...

பேச வேணாம். சும்மா லைன்ல இரு. விமானம் நகருது, பாப்பா... அம்மா நகர்றாங்க... தெரியுதா, சத்தம் கேக்குதா?...

ஹலோ?... பாப்பா?... லைன் கட்டாயிடுச்சு.