தூக்கு வேண்டாம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ். சுண்ணாம்புத் தூசி படிந்த ஜன்னலில் காலை வெயில் மாவாய் உதிர்ந்துகொண்டிருந்தது. என் முன் சீட்டில் ஒரு அம்மாள், மடியில் சோற்றுத் தூக்கு. அவளிடம் வாத்தியார் போலிருந்த ஒருவர் தாளை நீட்டினார்.

"தூக்கு வேணாம்னு ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

"வேணாம்னா சோத்த எதுல சார் கொண்டு போறது?"

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

"அந்தத் தூக்கு இல்லம்மா. விஷச் சாராயம் விக்கிறவங்களத் தூக்குல போட நம்ம மாநிலத்துல சட்டம் கொண்டுவரப் போறாங்களாம். அது வேணாம்னு மனு குடுக்குறோம்."

"அதக் குடிச்சுத்தான் எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு பாதி போச்சு. வித்தவன் எங்க தெருக்காரன்தான்."

அவர் தாளை மெல்ல மடித்தார். "தெரியாம கேட்டுட்டேன், மன்னிச்சுக்கங்கம்மா."

"அட, மடிக்காதீங்க சார், பேனாவக் குடுங்க! அவனத் தூக்குல போட்டுட்டா நான் யாரத் திட்டுறது? ஆயுசுக்கும் உள்ள போடச் சொல்லுங்க. மாசாமாசம் திருச்சி ஜெயிலுக்குப் போயி, மனு போட்டுப் பாத்து, மூஞ்சிக்கு நேரா திட்டிட்டு வரேன்."