இருபத்து மூன்று பிரதிகள்

மதியச் சாப்பாட்டை நான் இரண்டு மணிக்கு முன்னால் தொட்டதில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம். "உங்களுக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று மனைவி கேட்பாள். இருக்கிறது. ஆனால் ஒரு மணிக்கு எல்லாரும் எழுந்து சாப்பிடப் போனால்தான் கணினிகள் என் கைக்கு வரும். அதனால் என் பசி ஒரு மணி நேரம் தள்ளி எழுந்திருக்கப் பழகிக்கொண்டது.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது.

எங்களுடையது ரத்தப் பரிசோதனைக் கூடம். அறுபத்திரண்டு கணினிகள். ஒவ்வொன்றின் ஹார்ட் டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுத்து, நெட்வொர்க் வழியாகப் பின்பக்க அறையில் இருக்கும் சர்வருக்கு அனுப்பி வைப்பது என் வேலை. ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. திரையின் எந்த மூலையில் எது இருந்தது, கடைசியாக எதைத் திறந்தார்கள், எதை அழித்தார்கள், அத்தனையும் முழுதாக வரும். பழைய பிரதியை மறுபடி ஏற்றினால் கணினி அந்தப் பழைய நாளுக்கே போய்விடும். இடையில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. தழும்புகூட இருக்காது. எடுக்க இருபது நிமிடம், ஏற்ற இருபது நிமிடம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் எனக்கு 'நகல்' என்று பெயர். "நகல் வந்துட்டான், மணி ஒண்ணு, எழுந்திரிங்கப்பா" என்பார் வரவேற்பு மேசைக்காரர். "பையில பாருங்க, ரெண்டாவது ஜோடி செருப்பு இருக்கும். அது பேக்கப்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பதிவுப் பிரிவின் தலைவி மட்டும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். எல்லாருக்கும் அவர் அக்கா. ஐம்பத்திரண்டு வயது, கணவர் இல்லை, ஒரே மகள். எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் அச்சடிக்கவும் மாட்டார், அனுப்பவும் மாட்டார். அந்த வழக்கம் பிற்பாடு எனக்கு உதவியாக இருந்தது.

மழைக்காலத் தொடக்கத்தில் அவர் பிரிவில் ஒரு கணினி படுத்துவிட்டது. பழைய பிரதியை ஏற்றப் போனேன். ஃபைல் இருந்தது, பெயர் இருந்தது, தேதி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சர்வர் ஏழு மாதத்துக்கு முன்பே நிரம்பிப்போயிருக்கிறது. அதன் பிறகு வந்ததெல்லாம் வெறும் பெயர்ப்பலகை. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, இதை எப்பவாவது திறந்து பாத்திருக்கியா?"

"சர்வர்ல பச்சை விளக்கு எரிஞ்சுதுக்கா."

"விளக்கு எரியும். திறந்து பாத்தியா?"

நான் அந்த ஃபைலை மூடினேன். அவரே பேசினார். "மேலிடத்துக்கு நான் எழுதித்தான் ஆகணும். கோவிச்சுக்காதே. நாளைக்கு ஒருத்தர் தன்னோட பழைய ரிப்போர்ட் வேணும்னு வந்து நின்னா யாரு பதில் சொல்றது?"

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயம். எனக்குத் தேவைப்பட்டது இரண்டு வாரம். அதற்குள் சர்வரில் இடம் பண்ணி எல்லாவற்றையும் புதிதாக எடுத்துவிட்டால், அறிக்கையில் எழுத எதுவும் இருக்காது. இல்லாத குறைக்காக ஒருவனை வேலையைவிட்டு அனுப்ப முடியாதல்லவா. அன்று மதியமே தொடங்கினேன். முதலில் எடுத்தது அக்காவின் கணினியைத்தான். ஏழு மாதத்தில் உருப்படியாக வந்த முதல் பிரதி அது. திறந்தும் பார்த்தேன்.

அவர் அறிக்கையைக் காலை வேளைகளில் எழுதினார். பதிவு வேலை மற்றக் கணினிகளில் நடக்கும்; அவருடையதில் அந்த நாட்களில் அறிக்கை மட்டும்தான். மூன்று காலையில் ஒன்பது பக்கம். மூன்றாம் நாள் ஒரு மணிக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைய நிலையை முதலில் பிரதி எடுத்தேன். கையில் ஒன்று இல்லாமல் எதையும் மாற்றக்கூடாது என்பது தொழில் ஒழுங்கு. பிறகு பழைய பிரதியை ஏற்றினேன். எண்பது சதவீதம் ஏறியிருந்தபோது நடைபாதையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருக்கிறார்.

"சாப்பிடலையா தம்பி?"

"முடிச்சிட்டுப் போறேன்கா."

"உடம்பைப் பாத்துக்க" என்று கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார். திரையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒரு நீலக் கோடு நகர்வதுதான் தெரிந்திருக்கும்.

இரண்டே காலுக்கு என்னைக் கூப்பிட்டார். அறிக்கையைக் காணோம் என்றார். நான் எல்லா இடத்திலும் தேடிக் காட்டினேன். அவர் கேட்காமலே சர்வரில் இருந்த பிரதியையும் திறந்து காட்டினேன். அவர் எழுதத் தொடங்கும் முன் எடுத்த பிரதிதான். தேதியை அவர் பார்க்கவில்லை. "நீங்க மனசுலயே எழுதியிருப்பீங்களோ என்னமோக்கா" என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். ஆனால் அவர் முகம் மாறிய விதத்தைப் பார்த்ததும் வழி இதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் அம்மா ஐம்பத்தைந்து வயதில் சொந்தத் தெருவில் வீடு தெரியாமல் நின்றவர். அன்று மாலை, படிக்கட்டில் வைத்து, அதை என்னிடம் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லிடாதே தம்பி. உன்னைத்தான் நம்புறேன்." நான் யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை மீறுகிறவன் அல்ல நான்.

மறுபடி எழுதினார். மறுபடி ஏற்றினேன். எல்லா நாளும் செய்யவில்லை. தினமும் தொலைந்தால் கணினிமேல் சந்தேகம் வரும். சில நாள் இருந்து சில நாள் இல்லாமல் போனால்தான் தன்மேல் சந்தேகம் வரும். அப்படியும் ஒருமுறை, "சிஸ்டம்தான் சரியில்லையோ?" என்றார். உடனே புதுக் கணினி கொண்டுவந்து வைத்தேன். அதிலும் அப்படியே நடந்ததும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

எனக்குப் பயம் வந்தது ஒரே ஒருமுறைதான். அவர் ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொண்டார். பச்சை அட்டை. "இன்று காலை நான்கு பக்கம் எழுதினேன்" என்று தேதி போட்டுக் கையால் எழுதி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். காகிதம் என் நெட்வொர்க்கில் இல்லை. இரண்டு நாள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவரே நோட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"பாரு தம்பி. இங்க எழுதியிருக்கேன். அங்க இல்ல. எது நெசம்?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "சிஸ்டம் பொய் சொல்லாதுக்கா" என்றேன். "செய்யாததைச் செஞ்சதா எழுதி வெச்சிருக்கீங்க. ஒரு நல்ல டாக்டரைப் பாத்துடலாமே."

நோட்டை நான் தொடக்கூட இல்லை. அவரே அதை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மறதி நோயின் தொடக்கம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு வாரத்துக்குள் எல்லாப் பிரதிகளையும் எடுத்து முடித்துவிட்டாயே, பிறகு ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் திடீரென்று எல்லாம் ஒழுங்காகிவிட்டால் அவர் யோசிக்கத் தொடங்கியிருப்பார். கெட்டிக்காரர். அவருடைய நிம்மதியையும் பார்க்க வேண்டியிருந்தது. இல்லாத எதிரியைத் தேடி அலைவதைவிட, இருக்கும் நோய்க்கு மருந்து சாப்பிடுவது மேல்.

மருந்தை முதலில் சாப்பிட மறுத்தார். மகள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, அம்மா உங்க பேச்சைத்தான் கேப்பாங்க. கொஞ்சம் சொல்லுங்களேன்." போய்ச் சொன்னேன். சாப்பிட்டார். அந்த மாத்திரையில் தூக்கம் அதிகம். மேசையிலேயே கண்ணயர்வார். ஒன்பதாம் வாரம் வேலையை விட்டார். விடைபெறும் நாளில் எல்லாருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கூடப் பொறந்தவன்கூட இவ்வளவு பொறுமையா இருந்திருக்க மாட்டான்" என்றார். வரவேற்பு மேசைக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதும் விடுமுறை நாளில் போய்ப் பார்க்கிறேன். சமையலறை டப்பாக்களில் எல்லாம் மகள் சீட்டு ஒட்டியிருக்கிறாள். வாசல் கதவின் உள்பக்கம், "அம்மா, நான் ஆறு மணிக்கு வந்துடுவேன், வெளியே போகாதே" என்று ஒரு சீட்டு. மகள் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். போன வாரம் என்னை யாரென்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது அக்காவுக்கு. அப்படியென்றால் மருத்துவர் சொன்னது சரிதானே. நோய் முன்பே இருந்திருக்கிறது. நான் அதைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

உங்கள் ஆட்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். சர்வர் மறுபடி நிரம்பிவிட்டது. மற்றக் கணினிகளுக்கு ஆளுக்கு இரண்டு பிரதி இருக்க, ஒரே ஒருவருடையதற்கு மட்டும் ஏன் இருபத்து மூன்று என்று பார்த்திருக்கிறார்கள். அவற்றை அழித்திருக்கலாம். அழித்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் நல்ல பிரதியை அழிக்க எனக்குக் கை வராது. அந்த இருபத்து மூன்று வந்து உட்கார்ந்ததால்தான் இடம் போதாமல், கடைசி ஆறு வாரத்தில் மற்றக் கணினிகளிலிருந்து வந்ததெல்லாம் மறுபடி வெறும் பெயர்ப்பலகை ஆகியிருக்கிறது என்றும் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆக, முழுசாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அந்த அறிக்கையை அவர் எழுதினார். ஒவ்வொரு முறையும் எழுதினார். இல்லையென்று ஆக்கியது நான். அவர் புத்தியில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை என்பது தெரிந்தேதான் மாத்திரையைச் சாப்பிடச் சொன்னேன்.

இருபத்து மூன்றையும் நான் திறந்து பார்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் என்மேல் குறை சொல்ல முடியாது. அறிக்கை இருக்கும் முதல் பிரதியில் ஒன்பது பக்கம். அதற்கடுத்ததில் ஏழு. பிறகு நான்கு, இரண்டு என்று குறைந்துகொண்டே வரும். கடைசிப் பிரதியில் ஒரே ஒரு வரிதான். "இதை நான் இதற்கு முன்னால் எழுதியிருக்கிறேனா?"

நீங்கள் அவர் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். அக்காவைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவர் எழுதியது எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை.